ஞாயிற்றொளியால் நீரிறைத்தல்: கிணற்றின் அளவறிந்து பம்பி பொருத்தும் முறை

வரண்ட வலயத்துக் கமக்காரருக்கு நீர் நிலத்தின் கீழ் இருந்தால் மட்டும் போதாது. அதனை மேலே தூக்குவதற்கு ஒரு வலுவும் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் அவ்வலு முன்னாளில் மனிதரின் கால்வலுவாகவே இருந்தது. ஒருவர் துலாவில் ஏறி மிதிக்க, மற்றொருவர் பட்டையைப் பிடித்து நீரைத் தொட்டியிற் சரிக்க, மூன்றாமவர் பாத்திக்குப் பாத்தி மடைமாற்றி நீர் கட்டினார். 1950 ஆம் ஆண்டுகள் தொடக்கம் மண்ணெண்ணெய் இயந்திரங்கள் பரவவே துலா சிறிது சிறிதாக மறைந்தது. அதன் பின்னர் கமக்காரரின் வெள்ளாமை எண்ணெயின் விலையோடு கட்டுண்டது. அக்கட்டு எத்தகையது என்பதை 2022 ஆம் ஆண்டு யாவருக்கும் உணர்த்தியது. அவ்வாண்டில் முதலில் எண்ணெய் கிடையாது வரிசையில் நிற்க நேர்ந்தது. ஓகஸ்ட் மாதத்தில் லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் 340 ரூபாவாக உயர்ந்தது. வெங்காயமும் மிளகாயும் தோட்டத்தில் வாடிக்கொண்டிருக்க, கலனுடன் எண்ணெய் நிலையத்திற் காத்திருந்தவர்கள் பலர்.

அன்று முதல் ஞாயிற்றொளியால் இயங்கும் பம்பியைப் பற்றிக் கமக்காரர் பலர் விசாரிக்கின்றனர். விசாரிப்போர் பெரும்பாலும் கேட்பது, எத்தனை குதிரைவலுப் பம்பி வாங்கலாம் என்பதே. அதற்கு முன்னர் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்றுண்டு. தமது கிணறு ஒரு நாளைக்கு எவ்வளவு நீர் தரும் என்பதே அது. அதனை அறியாது பொருத்தப்பட்ட பம்பி, பணத்தை வீணாக்குவதோடு கிணற்றையும் கெடுத்துவிடக் கூடும்.

ஒளி மின்னாகி நீரைத் தூக்கும் விதம்

சிலிக்கன் எனும் பொருளாற் செய்யப்பட்ட மெல்லிய கலங்களின் மீது வெயில் படும்போது அவற்றில் நேரோட்ட மின் உண்டாகின்றது. இத்தகைய கலம் 1954 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுகூடத்தில் முதன்முதலாக நடைமுறைக்கு ஏற்ற வகையில் உருவாக்கப்பட்டது. அதற்கு முன்னரும் வெயிலால் நீரிறைத்தவர்கள் இருந்தனர். 1913 ஆம் ஆண்டில் எகிப்து நாட்டின் மாடி எனும் ஊரில், பிராங்கு சூமன் என்ற அமெரிக்கர் வளைந்த கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து, நீராவி உண்டாக்கி, நைல் நதி நீரை வயலுக்கு இறைத்துக் காட்டினார். இன்று கண்ணாடியும் கொதிகலனும் வேண்டியதில்லை. கலங்களைத் தொடராக இணைத்துக் கண்ணாடியின் கீழ் அடைத்த தகடு ஒன்றும், மின்னை மோட்டருக்கு ஏற்றவாறு ஒழுங்குபடுத்தும் கட்டுப்படுத்தி ஒன்றும், பம்பியும் இருந்தால் வேலை நடைபெறும்.

இலங்கையின் வரண்ட வலயத்தில் ஒரு சதுர மீற்றர் நிலத்தின் மீது நாளொன்றுக்கு ஏறத்தாழ 4.5 முதல் 6 கிலோவாற்று மணி அளவான ஞாயிற்றுச் சத்தி விழுகின்றது. கணக்கு எளிதாக அமைவதற்கு, உச்சி வெயில் 5 மணி நேரம் எரிந்தாற் கிடைக்கும் சத்தி என்று இதனைக் கொள்ளலாம். தகடு சூடேறுவதாலும், தூசு படிவதாலும், கம்பியில் ஏற்படும் இழப்பாலும் ஏறத்தாழக் காற்பங்கு குறைந்துவிடும். நண்பகல் வெயிலிற் கலத்தின் சூடு 60 பாகை செல்சியசை எட்டுவதுண்டு. ஒவ்வொரு பாகைச் சூட்டுக்கும் நூற்றுக்கு 0.4 வீதம் மின் குறையும் என்பதால், தகட்டில் எழுதப்பட்ட அளவு முழுவதும் கிடைக்குமென்று எதிர்பார்த்தல் தவறாகும்.

கிணற்றை அளத்தல்

கிணற்றின் ஊற்றை அளப்பதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. அரை அடிக்கு ஒரு முடிச்சிட்ட கயிறும், கீழே கட்டிய ஒரு கல்லும், ஒரு மணிக்கூடும் போதும். இதனைச் செய்ய வேண்டிய காலம் ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களாகும். மாரி ஓய்ந்த தை மாதத்தில் எல்லாக் கிணறுகளும் நல்ல கிணறுகளே. அப்போது அளந்து பெற்ற எண்ணைக் கொண்டு பம்பி வாங்கியவர் ஆவணியில் துன்பப்படுவார்.

உதாரணமாக, 14 அடி விட்டமுள்ள வட்டக் கிணறு ஒன்றை எடுத்துக்கொள்க. அதன் பரப்பளவு 154 சதுர அடி. எனவே ஓர் அடி உயரமான நீர் 154 கன அடியாகும். லீற்றரிற் சொன்னால் ஏறத்தாழ 4,360. இருக்கின்ற இயந்திரத்தால் நீரை வழக்கமான அளவுக்கு இறைத்து நிறுத்தி, அரைமணிக்கு ஒரு முறை கயிற்றை விட்டுப் பார்க்க வேண்டும். மணிக்கு 9 அங்குலம் ஊறுமாயின், அக்கிணற்றின் ஊற்று மணிக்கு ஏறத்தாழ 3,270 லீற்றராகும். கிணறு நிறைய நிறைய ஊற்றின் வேகம் தணியும் என்பதையும் நினைவிற் கொள்க. ஆகவே முதல் ஒன்றிரண்டு மணி நேரத்து அளவே பம்பிக்குரிய அளவு.

இனிப் பயிரின் தேவையைப் பார்க்க வேண்டும். கோடையில் மரக்கறிப் பயிர்கள் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் அளவான நீரைப் பயன்படுத்துகின்றன. சோளகக் காற்று வீசும் மாதங்களில் அது 6 மில்லிமீற்றரையும் எட்டும். ஒரு பரப்பு நிலம் 253 சதுர மீற்றராகையால், 5 மில்லிமீற்றர் எனின் 1,265 லீற்றராகும். மண் வாய்க்காலிலும் பாத்தியிலும் வீணாவதைச் சேர்த்தால் பரப்புக்கு 2,100 லீற்றர் இறைக்க வேண்டியிருக்கும். பத்துப் பரப்புத் தோட்டத்துக்கு 21,000 லீற்றர். மேலே சொன்ன கிணற்றில் மணிக்கு 3,000 லீற்றர் வீதம் ஏழு மணி நேரம் இறைத்தால் இத்தொகை சரியாகக் கிடைத்துவிடும்.

பம்பியின் அளவு

அதே தோட்டத்தில் நீர்மட்டம் தரையிலிருந்து 6 மீற்றர் கீழே உள்ளதெனவும், தொட்டியின் விளிம்பு 2 மீற்றர் உயரத்தில் உள்ளதெனவும், குழாயின் உராய்வுக்காக 2 மீற்றர் சேர்த்துக்கொள்ள வேண்டுமெனவும் கொள்க. நீரைத் தூக்க வேண்டிய மொத்த உயரம் 10 மீற்றராகும். 21,000 லீற்றர் நீரை 10 மீற்றர் தூக்குவதற்கு வேண்டிய சத்தி 0.57 கிலோவாற்று மணி மாத்திரமே. சிறிய பம்பியும் மோட்டரும் சேர்ந்து, பெற்ற மின்னில் மூன்றிலொரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகவே நீரைத் தூக்கும் வேலையாக மாற்றுமென்று வைத்தாலும், நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.6 கிலோவாற்று மணி மின் போதுமானது. அதனைத் தருவதற்கு 450 வாற்றுத் தகடு போதும். மப்பு நாட்களுக்காகவும் பழுதுபட்டு வலுக் குறைவதற்காகவும் சேர்த்து 600 வாற்று வைத்தால் தாராளமாகும்.

இவ்வெண்ணைக் கேட்டுக் கமக்காரர் பலர் நம்ப மாட்டார்கள். இரண்டு குதிரைவலு இயந்திரத்துக்குப் பழகிய கண்ணுக்கு அரைக் குதிரைவலுப் பம்பி விளையாட்டுப் பொருள் போலத் தோன்றும். விற்பனையாளரும் பெரியதையே எடுத்துக் காட்டுவர். ஆனால் எண்ணெய் இயந்திரம் இரண்டு மணி நேரம் ஓடுவது; ஞாயிற்றுப் பம்பி காலை முதல் மாலை வரை ஓடுவது. இரண்டு குதிரைவலுவுக்குச் சமமான 1,500 வாற்றுத் தகட்டையும் அதற்கேற்ற பம்பியையும் இக்கிணற்றிற் பொருத்தினால், அது நாளொன்றுக்கு 70,000 லீற்றருக்கு மேல் இறைக்க வல்லதாகும். கிணறு தருவதோ அதில் மூன்றிலொன்றளவு. பத்து, பதினொரு மணிக்குள் கிணறு வற்றிப் பம்பி வெறுமனே சுழலும். நீரில்லாமற் சுழலும் பம்பியின் அடைப்பான் சூடேறிக் கருகிவிடும். நீர் குறைந்ததும் தானே நிறுத்தும் மிதவை ஆளியைப் பொருத்துவது எந்தப் பம்பிக்கும் நன்று. அதிக வலுப் பம்பிக்கு அது இன்றியமையாதது.

மெதுவாக இறைப்பதில் இன்னொரு நன்மையுமுண்டு. விரைவாக இறைக்கும்போது கிணற்றுக்குள் நீர்மட்டம் ஆழ இறங்கிவிடும். ஊறும் வேகத்துக்கு ஒப்ப இறைத்தால் மட்டம் அதிகம் இறங்காது. குடாநாட்டில் இது எத்துணை முக்கியமானது என்பதைப் பின்வருவது காட்டும்.

நன்னீரும் உவர்நீரும்

குடாநாட்டின் கீழே சுண்ணாம்புக் கற்பாறை உள்ளது. வடகீழ்ப் பருவக்காற்று மழை அப்பாறையின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கடலிலிருந்து உட்புகுந்த உவர்நீரின் மேல் மிதக்கின்றது. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது யாவரும் அறிந்ததே. நன்னீர் இலேசானது, கடல்நீர் அதனிலும் நாற்பதிலொரு பங்கு பாரமானது. இக்காரணத்தால், கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் தங்கி நிற்கும். இதன் மறுபுறத்தையும் சிந்திக்க வேண்டும். மேல் மட்டம் ஓர் அடி நிலையாகக் குறையுமாயின், கீழே உவர்நீர் காலப்போக்கில் 40 அடி மேலெழ இடமுண்டு. வெடிப்பும் குகையும் உள்ள பாறையில் அது கணக்கைவிட விரைவாகவும் வந்துவிடலாம்.

எண்ணெய் விலை கமக்காரருக்குச் சுமையாக இருந்தது உண்மை. எனினும், அதுவே கிணற்றுக்கு ஒரு காவலாகவும் இருந்தது. ஒவ்வொரு மணி நேரமும் காசு எரிவதால் இயந்திரத்தை வேளைக்கு நிறுத்தினார்கள். ஞாயிற்றுப் பம்பிக்கு அந்தக் காவல் இல்லை. வெயில் இருக்கும்வரை நீர் செலவின்றி வந்துகொண்டிருக்கும். நிறுத்த வேண்டுமென்ற நினைவும் எழாது. செம்மண்ணிற் கூடுதலாகக் கட்டிய நீர் பயிருக்கு உதவாமல், இட்ட யூரியாவையும் கரைத்துக்கொண்டு மீண்டும் கிணற்றுக்கே இறங்குகின்றது. அந்நீரையே வீட்டாரும் குடிக்கின்றனர்.

ஆகையால் ஞாயிற்றுப் பம்பி பொருத்துவோர் மின்கடத்துதிறன் அளக்கும் சிறு கருவியொன்றை, தனியாகவோ அயலாருடன் சேர்ந்தோ வாங்கி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை கிணற்று நீரை அளந்து கொப்பியில் எழுதிவருதல் வேண்டும். மீற்றருக்கு 0.7 டெசிசீமென்ஸ் என்னும் அளவுக்குக் குறைந்த நீரை எப்பயிருக்கும் அச்சமின்றிப் பாய்ச்சலாம். 3 அலகைத் தாண்டிய நீர் பெரும்பாலான மரக்கறிகளுக்கு ஆகாது. வேர்மண்ணின் உவர் 1.2 அலகைத் தாண்டியதும் வெங்காயத்தின் விளைவு குறையத் தொடங்கும். மிளகாய்க்கு எல்லை 1.5, தக்காளிக்கு 2.5, பீற்றூட் கிழங்குக்கு 4. மாதந்தோறும் எண் ஏறிக்கொண்டு வருமாயின், பம்பியின் மணிகளைக் குறைக்க வேண்டுமென்பதே அதன் பொருள். அவ்வாண்டில் இரண்டு பரப்பு நிலத்தைத் தரிசாக விடுவது, கிணற்றையே இழப்பதிலும் மேலானது.

தொட்டியும் நீர் கட்டும் ஒழுங்கும்

மணிக்கு 3,000 லீற்றர் என்பது விநாடிக்கு ஒரு லீற்றருக்கும் குறைவு. இத்துணைச் சிறிய நீரை மண் வாய்க்காலில் விட்டால் பாத்தியை அடையுமுன் செம்மண் குடித்துவிடும். ஞாயிற்றுப் பம்பியை வாங்கி மனம் சலித்தோரிற் பலர் இவ்விடத்திலேயே இடறினர். இதற்குப் பரிகாரம் பழைய துலாக் காலத்துத் தொட்டியே. அளவு மாத்திரம் பெரிதாக வேண்டும். மூன்றரை மீற்றர் நீளமும் மூன்று மீற்றர் அகலமும் ஒரு மீற்றர் ஆழமும் உள்ள சீமெந்துத் தொட்டி 10,500 லீற்றர் கொள்ளும். அது நண்பகலில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் நிறையும். அதிலிருந்து பெரிய குழாயால் வேகமாகத் திறந்துவிட்டால் பாத்தியின் கடைசிவரை நீர் ஓடும். சொட்டு நீர்ப்பாசனம் அமைத்தவருக்கு இத்தொட்டி இன்னும் சிறிதாகப் போதும். நீரின் தேவையும் மூன்றிலொரு பங்கு குறையும். உயரமான மேடையில் தொட்டி கட்ட விரும்புவோர், பத்தாயிரம் லீற்றர் நீரின் பாரம் பத்துத் தொன் என்பதை மறத்தலாகாது.

தொட்டி இருக்கும்போது பற்றரி வேண்டியதில்லை. பற்றரி சில ஆண்டுகளிற் பழுதாகிப் புதிதாக வாங்க வேண்டிய பொருள். தொட்டியோ மகன் காலத்திலும் நிற்கும். தோட்டம் முழுவதற்கும் ஒரே நாளில் நீர் கட்டும் வழக்கத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். பத்துப் பரப்பை மூன்று கூறாக்கி, நாளுக்கு ஒரு கூறாக முறைவைத்துக் கட்டினால், ஒவ்வொரு கூறுக்கும் மூன்று நாளுக்கு ஒருமுறை 21,000 லீற்றர் கிடைக்கும். ஒரு நாள் மப்பாக இருந்தாலும் பயிர் வாடாது. வேரடியிலுள்ள ஈரமே அந்நாளைத் தாங்கும்.

பங்குக் கிணறுகளில் இன்னுமொரு சிக்கல் உண்டு. எண்ணெய் இயந்திரத்துக்குக் காலை ஏழு மணியும் நண்பகலும் ஒன்றே. ஞாயிற்றுப் பம்பிக்கு அவ்வாறன்று. காலை ஏழு முதல் ஒன்பது வரை முறை பெற்றவருக்குச் சிறிதளவு நீரும், பதினொன்று முதல் ஒன்று வரை பெற்றவருக்கு அதிலும் பலமடங்கு நீரும் கிடைக்கும். மணிக்கணக்கிற் பங்கிட்டால் சகோதரர்களுக்குள்ளும் பிணக்கு வரும். முழு நாட்களாகப் பங்கிடுதல், அன்றேல் குழாயில் நீர்மானி பூட்டி லீற்றர்க் கணக்கிற் பங்கிடுதல் நேர்மையானது. பம்பி வாங்குமுன் பங்காளர் யாவரும் கூடி இதனை எழுத்தில் முடிவுசெய்துகொள்வது நன்று.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

வீட்டில் முன்பே இருக்கும் ஒருதலை மின் மோட்டரைச் சூரியத் தகட்டுடன் நேரே இணைக்க முயல்வோர் பலர். அது தொடங்கும்போது ஓடும்போதிலும் ஐந்தாறு மடங்கு மின்னை இழுக்கும். தகட்டால் அதனைக் கொடுக்க முடியாது. நேரோட்டத்தில் இயங்கும் பம்பியையோ, முத்தலை மோட்டரை மெதுவாகத் தொடக்கி வேகத்தை வெயிலுக்கேற்ப மாற்றும் கருவியையோ கொள்ள வேண்டும். சாதாரண மையநீக்கப் பம்பி வேகம் பாதியாகும்போது தூக்கும் உயரத்தில் காற்பங்கையே எட்டும். அதனால் காலையும் மாலையும் சுழன்றும் நீர் வராதிருப்பதைக் கண்டு பழுதென்று எண்ண வேண்டாம். ஆழக் கிணறுகளுக்குத் திருகுச் சுழலிப் பம்பி இவ்வகையிற் சிறந்தது; மெதுவாகச் சுழன்றாலும் நீரைத் தூக்கும். தரையில் வைக்கும் எப்பம்பியும் ஏறத்தாழ 7 மீற்றருக்குக் கீழிருந்து உறிஞ்ச மாட்டாது. நீர் அதற்குக் கீழே இறங்கும் கிணறுகளிற் பம்பியை உள்ளே இறக்குதல் வேண்டும்.

தகடு தெற்கு நோக்கி ஏறத்தாழ 10 பாகை சாய்ந்திருக்க வேண்டும். பனைமரத்தின் ஒற்றை நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் கலங்கள் தொடராக இணைந்திருப்பதால் முழுத் தகட்டின் மின்னும் பெரிதுங் குறையும். மரத்தை நோக்கித் தகட்டை நகர்த்துவதா, தகட்டை நோக்கி மரத்தைத் தறிப்பதா என்ற விவாதத்தில் மரத்தை விட்டுவிடுவதே தகும். சோளக மாதங்களிற் கிழமைக்கு ஒருமுறை, வெயில் ஏறுமுன் தகட்டைக் கழுவ வேண்டும். கிணற்று நீரிலுள்ள சுண்ணாம்பு காய்ந்து வெண்படலமாக ஒட்டுமாதலால், உடனே துணியால் துடைத்துவிட வேண்டும். சூடேறிய கண்ணாடியிற் குளிர்நீர் ஊற்றலாகாது.

வெயில் உள்ளவரை தகட்டின் மின்னை நிறுத்த முடியாது. பல தகடுகளைத் தொடராக இணைத்தால் அது 100 வோல்ற்றையும் தாண்டும். நேரோட்ட மின்னின் பொறி தானாக அணையாமல் எரியும். ஆகவே நேரோட்டத்துக்கென்றே செய்யப்பட்ட துண்டிப்பு ஆளியைப் பொருத்துதலும், தகட்டின் சட்டத்தைப் புவியுடன் இணைத்தலும், இணைப்பு வேலையை மின்வேலை அறிந்தவரிடமே விடுதலும் அவசியம்.

நெல் வயலுக்கு உகந்ததா?

நெற்செய்கையாளர் இதனை நிதானமாகக் கணக்கிட வேண்டும். ஓர் ஏக்கர் வயலில் ஒரு சென்றிமீற்றர் நீர் நிற்க 40,000 லீற்றர் வேண்டும். சேறடித்து நிலம் பண்படுத்தும் பருவத்தில் மாத்திரம் 15 முதல் 20 சென்றிமீற்றர், அதாவது 6 முதல் 8 இலட்சம் லீற்றர் செலவாகும். கிணற்றிலிருந்து ஞாயிற்றுப் பம்பியால் நெல் விளைவிக்க எண்ணுதல் தகாது. ஆற்றிலோ, வாய்க்காலிலோ, குளத்தின் கடைநீரிலோ இருந்து இரண்டு மூன்று மீற்றர் மாத்திரம் தூக்க வேண்டிய இடங்களில், நாற்றுமேடையைக் காப்பதற்கும், குடலைப் பருவத்தில் ஒன்றிரண்டு நீர் குறையும்போது பயிரை மீட்பதற்கும் இது உதவும். குளத்தின் கீழுள்ள வயலிற் சிறுபோகத்தில் நெல்லுக்கு நீர் போதாதென்று தெரிந்தால், விவசாயக் கிணற்றின் நீரைக் கொண்டு பயறு, உழுந்து, நிலக்கடலை, வெங்காயம் ஆகியவற்றைச் செய்வதற்கே இப்பம்பி பொருத்தமானது.

மின்சபையின் கம்பி தோட்டத்தின் வேலியோரம் வரை வந்திருப்பவரும், மூன்று நான்கு பரப்பு மாத்திரம் செய்பவரும் அவசரப்பட வேண்டியதில்லை. அவர்களுக்கு மின் மோட்டரே மலிவாக முடியும். கம்பி எட்டாத தோட்டங்களிலும், கோடை முழுவதும் தொடர்ந்து நீர் வேண்டிய பயிர்களிலுமே தகட்டின் முதல் விரைவில் மீளும். தகடு 20, 25 ஆண்டுகள் உழைக்கக் கூடியது. பம்பியும் கட்டுப்படுத்தியும் அவ்வளவு காலம் உழையாமையால், அவற்றின் உதிரிப்பாகங்கள் அண்மையிலுள்ள நகரிற் கிடைக்குமா என்பதை விலை பேசுமுன் விசாரிக்க வேண்டும்.

புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் இடிமழை தொடங்குமுன் துண்டிப்பு ஆளியைத் திறந்து வைத்து, கிணற்று நீர்மட்டம் உயர்ந்து மூழ்கடிக்கக் கூடிய தட்டில் வைத்துள்ள தரைப் பம்பியை மேலே தூக்கிவிடுக. நீருள் இறக்கிய பம்பியை மாரி முழுவதும் அசையாது விடாமல், வெயிலுள்ள நாளில் கிழமைக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஓடவிடல் வேண்டும். இல்லையேற் சுண்ணாம்பு படிந்து சுழலி இறுகிப்போகும்.